தெரிந்த சட்டத்தால் வரும் பிழை – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

சென்னையில் சட்டம் படித்து, நான்காண்டுகள் வழக்காடிய பிறகு நியூயார்க்கில் எல்எல்.எம். முடித்தேன். ஜூலையில் எழுதிய பார் தேர்வில் (அங்கே வழக்காட உரிமம் பெறுவதற்கான தேர்வு), தேறுவதற்கு 266 வேண்டிய இடத்தில் 258 பெற்றேன். கட்டுரைகள் நன்றாகவே வந்தன. பாதி சூதாட்டமாகத் தோன்றும், எம்.பி.ஈ. என்ற பகுதியின் கொள்குறி வினாக்கள்தான் கவிழ்த்தன. பிப்ரவரியில் மறுபடி எழுதுகிறேன். நாளுக்கு எத்தனை வினாக்கள் பயில வேண்டும்? எந்தப் பயிற்சி நிறுவனம் நல்லது?

ஒரு வாசகி, நியூ ஜெர்சி

அன்புள்ள தங்கைக்கு,

எட்டு மதிப்பெண்ணில் நழுவிய வலியோடு மறுபடி புத்தகத்தைத் திறந்திருக்கிறீர்களே, அதற்காகவே உங்களை மதிக்கிறேன். ஆனால் ‘சூதாட்டம்’ என்று நீங்கள் எழுதியிருக்கக் கூடாது. ஆறு மணி நேரத்தில், ஏழு பாடங்களில், 200 வினாக்கள். அவற்றில் மதிப்பெண்ணுக்குரியவை 175. ஒரு வினாவில் அதிர்ஷ்டம் கைகொடுக்கலாம். 175 வினாக்களில் அதற்கு வேலையில்லை. தோல்விக்கு அதிர்ஷ்டத்தைக் காரணம் சொல்லப் பழகிய வழக்கறிஞர், வழக்குக் கட்டை மறுபடி பிரித்துப் பார்க்க மாட்டார்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது, நீங்கள் சென்னையில் வழக்காடியவர் என்ற செய்தி. நம் ஊரில் சட்டம் பயின்று அங்கே தேர்வெழுதுகிறவர்களைப் பற்றிச் சில காலமாகவே யோசித்து வருகிறேன். அவர்களில் பலர் சறுக்குவது சட்டம் தெரியாததால் அன்று, இன்னொரு சட்டம் நன்றாகத் தெரிந்திருப்பதால்.

மரண வாக்குமூலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கத்திக்குத்துப் பட்ட ஒருவர், மறுநாள் மருத்துவமனையில், இரண்டு நாளில் வீட்டுக்குப் போய்விடுவேன் என்று நிதானமாகப் பேசிக்கொண்டே, குத்தியவரின் பெயரைச் செவிலியரிடம் சொல்கிறார், அன்றிரவே இறந்துவிடுகிறார். கொலை வழக்கில் அதை மரண வாக்குமூலமாக ஏற்கலாமா? ‘ஏற்கலாம், ஏனெனில் அது அவருடைய மரணத்தின் காரணத்தைப் பற்றியது’ என்ற விடையை நீங்கள் தயங்காமல் தேர்ந்தெடுப்பீர்கள். சாவை எதிர்பார்த்தாரா இல்லையா என்பது பொருட்டல்ல என்று 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம், பிரிவு 32(1), வெளிப்படையாகவே சொல்கிறது. அதன் இடத்துக்கு வந்த 2023ஆம் ஆண்டுச் சட்டமும் அதை மாற்றவில்லை. எம்.பி.ஈ. கேட்பதோ அமெரிக்கக் கூட்டாட்சிச் சாட்சிய விதிகளை. அவற்றில் விதி 804(பி)(2)இன்படி, சாவு நெருங்கிவிட்டதென்று சொன்னவர் நம்பியிருக்க வேண்டும். குற்ற வழக்கென்றால் அது கொலை வழக்காக இருக்க வேண்டும், கொலை முயற்சி வழக்கு போதாது. ஆனால் சொன்னவர் இறந்திருக்கவே வேண்டும் என்பதில்லை; சாட்சி சொல்ல வர இயலாத நிலையில் இருந்தாலே போதும். இவற்றில் எதுவும் நாம் கற்ற பிரிவோடு ஒத்துப்போவதில்லை.

நான் ஜூனியராக இருந்தபோது, ‘மனு நிற்கும்’ என்று சொன்னால் என் சீனியர் தலையாட்ட மாட்டார். ‘எந்தப் பிரிவில்?’ என்று கேட்டு, அந்தப் பிரிவை வாய்விட்டுப் படிக்கச் சொல்வார். முடிவு சரியாகவும் காரணம் தவறாகவும் இருந்த நாட்களில்தான் அவருக்குக் கோபம் அதிகம் வரும். அவர் கேட்டதையே இந்தத் தேர்வும் கேட்கிறது: பல வினாக்களில் ‘ஆம்’ இரண்டு, ‘இல்லை’ இரண்டு என்று விடைகள் நிற்கும், சரியான காரணத்தோடு வரும் ஒன்றுக்கே மதிப்பெண்.

எண்ணிக்கையைப் பற்றி எனக்கு அக்கறையில்லை. நூறு வினாக்களை ஓட்டிவிட்டு, விடையைச் சரிபார்த்து மூடிவைப்பது வீண் உழைப்பு. தவறாக விடையளித்த ஒவ்வொரு வினாவுக்கும், எந்த நாட்டுச் சட்டத்தின்படி அந்த விடையைத் தேர்ந்தீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். வாக்குறுதி தருபவர் கேட்டுக்கொண்டபடி முன்பே செய்து முடித்த செயலை நம் ஒப்பந்தச் சட்டம் மறுபயனாக, அதாவது அந்த வாக்குறுதிக்கு ஈடாக, ஏற்கிறது. நீதிமன்றத் தீர்ப்புகளால் உருவான அமெரிக்கப் பொதுச் சட்டம் பொதுவாக ஏற்பதில்லை. காவல்துறையினரிடம் தந்த ஒப்புதல் வாக்குமூலத்தை நாம் வாசலிலேயே நிறுத்துகிறோம். அங்கே, தானாக முன்வந்து தந்ததாகவும் 1966இன் மிராண்டா தீர்ப்பு கோரும் எச்சரிக்கைகளுக்கு (பேசாமல் இருக்கலாம், வழக்கறிஞரை வைத்துக்கொள்ளலாம் என்பன போன்றவை) உட்பட்டதாகவும் இருந்தால் அது உள்ளே வரும்.

பயிற்சி நிறுவனம் எதுவாயினும் ஆகட்டும். வினாக்களை உருவாக்கும் என்.சி.பி.ஈ. தானே வெளியிட்ட பழைய வினாக்கள் அதில் உள்ளனவா என்று மட்டும் பாருங்கள். தவறான விடைக்குக் கழிவு இல்லாததால் எதையும் வெறுமையாக விடாதீர்கள். மேலே சொன்ன மூன்றில் தொடங்கி, இரு நாட்டுச் சட்டங்களும் பிரியும் இடங்களை ஏழு பாடங்களுக்கும் எழுதி எனக்கு அனுப்புங்கள். வரிவரியாகப் படித்துத் திருத்தித் தருகிறேன்.