மறைக்க வேண்டாத மாத்திரை

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பெயரில்லாமல் வந்தவை. எழுதியவர்கள் வெவ்வேறு வயதினர் என்றாலும் கேட்டிருப்பது ஒன்றையே: விறைப்புக் குறைபாட்டுக்கான மாத்திரைகளை ஆபத்தில்லாமல் பயன்படுத்துவது எப்படி? 'ஆண்மைக் குறைவு' என்ற சொல்லை நான் வேண்டுமென்றே தவிர்க்கிறேன். இது இரத்தக் குழாயையும் நரம்பையும் ஹார்மோனையும் மனத்தையும் சார்ந்த ஓர் உடல்நிலை. அந்தச் சொல் உண்டாக்கும் கூச்சத்தால்தான் பலர் மருத்துவரைத் தவிர்த்துவிட்டு மாத்திரையை மட்டும் தேடிப் போகிறார்கள். இந்த மருந்தால் நேரும் தீங்குகளில் பெரும்பகுதி அங்கேதான் தொடங்குகிறது.

கேள்வி: எனக்கு வயது 54. ஒன்பது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை எடுத்துக்கொள்கிறேன். ஓராண்டாக விறைப்பு சரியாக ஏற்படுவதில்லை. நண்பர் ஒருவர் தாம் பயன்படுத்தும் 100 மில்லிகிராம் சில்டெனாஃபில் மாத்திரைகள் சிலவற்றைக் கொடுத்தார். பாதியாக உடைத்துச் சாப்பிட்டேன், பலன் தெரிந்தது. இப்படியே தொடரலாமா?

பதில்: தொடர வேண்டாம். முதலில் உங்கள் மருத்துவரைப் பாருங்கள். மருந்து கெட்டது என்பதால் இப்படிச் சொல்லவில்லை; சில்டெனாஃபில் 1998 முதல் கோடிக்கணக்கானோர் பயன்படுத்தி வரும் நல்ல மருந்து. நெஞ்சுவலிக்காக ஆராயப்பட்டபோது அதன் இந்தப் பயன் தெரியவந்தது. நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறொன்று: ஓராண்டுக்கு முன்பு இல்லாத குறைபாடு இப்போது ஏன் வந்தது?

பாலுணர்வுத் தூண்டல் ஏற்படும்போது ஆணுறுப்பின் நரம்புகளிலிருந்தும் இரத்தக் குழாய்களின் உட்சுவரிலிருந்தும் நைட்ரிக் ஆக்சைடு வெளிப்படுகிறது. அது சைக்ளிக் ஜிஎம்பி என்ற வேதிப்பொருளைப் பெருக்குகிறது. அப்பொருள் குழாய்களின் தசையைத் தளர்த்த, இரத்தம் உள்ளே பாய்ந்து விறைப்பு உண்டாகிறது. பிடிஇ-5 என்ற நொதி சைக்ளிக் ஜிஎம்பியைச் சிதைத்துவிடும். சில்டெனாஃபில், டடலாஃபில், வார்டெனாஃபில், அவனாஃபில் ஆகிய நான்கும் அந்த நொதியைத் தடுத்து வைக்கின்றன, அவ்வளவுதான். குழாய் ஏன் பழுதடைந்தது என்பதை அவை ஆராய்வதில்லை, பழுதைச் சரிசெய்வதுமில்லை.

ஆணுறுப்புக்குச் செல்லும் தமனிகள் ஏறத்தாழ 1 முதல் 2 மில்லிமீட்டர் குறுக்களவு உள்ளவை. இதயத் தமனிகள் 3 முதல் 4 மில்லிமீட்டர். கொழுப்பு படிந்து குழாய்கள் சுருங்கும்போது சிறிய குழாயில்தான் குறை முதலில் வெளிப்படும். அதனால்தான் பலருக்கு விறைப்புக் குறைபாடு, இதய நோய் வெளியே தெரிவதற்குச் சில ஆண்டுகள் முன்பே வந்துவிடுகிறது. சர்க்கரை நோய் இந்தக் குழாய்களோடு நரம்புகளையும் கெடுக்கிறது. ஆகவே உங்களுக்கு மாத்திரையோடு சேர்த்து, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, கொழுப்பு, சிறுநீரகச் செயல்பாடு, இரத்த அழுத்தம், தேவைப்பட்டால் இதயப் பரிசோதனை ஆகியவையும் வேண்டும். காலையில் எடுத்த இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் அளவையும் மருத்துவர் பார்க்கக்கூடும். இரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் சில மருந்துகளும், மனச்சோர்வுக்கான சில மாத்திரைகளும் இந்தக் குறைபாட்டை உண்டாக்கலாம் என்பதால், நீங்கள் சாப்பிடும் மருந்துகளையே மாற்றிப் பார்க்கவும் வாய்ப்புண்டு. அந்த மாற்றத்தை மருத்துவர் செய்ய வேண்டும். நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்திவிடாதீர்கள்.

அளவைப் பொறுத்தவரை, பலருக்குச் சில்டெனாஃபில் 50 மில்லிகிராமில் தொடங்கப்படும். பலனையும் பக்கவிளைவையும் பார்த்து 25 ஆகக் குறைப்பதோ 100 வரை உயர்த்துவதோ உண்டு. 65 வயதைக் கடந்தவர்களுக்கும், கல்லீரலோ சிறுநீரகமோ பெரிதும் பழுதடைந்தவர்களுக்கும் 25 மில்லிகிராமில் தொடங்குவதே வழக்கம். 24 மணி நேரத்தில் ஒரு முறைக்கு மேல் கூடாது. உங்கள் நண்பருக்கு 100 பொருந்தியது அவருடைய உடலைப் பற்றிய செய்தி மட்டுமே.

கேள்வி: வயது 61. இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். நெஞ்சுவலி வந்தால் நாக்கின் அடியில் வைத்துக்கொள்ளச் சொல்லி ஒரு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். ஆண்டுக்கு ஒரு முறை கூட அதைப் பயன்படுத்தியதில்லை. விறைப்புக்கான மாத்திரையை எடுக்கும் நாளில் இதை எடுக்காமல் இருந்துவிட்டால் போதாதா?

பதில்: போதாது. இந்தப் பகுதியில் நான் எழுதும் எதை நீங்கள் மறந்தாலும் இதை மறக்கக் கூடாது.

நாக்கின் அடியில் வைக்கும் அந்த மாத்திரை நைட்ரேட் வகையைச் சேர்ந்தது. நைட்ரோகிளிசரினும் ஐசோசார்பைட் வகைகளும் உடலில் நைட்ரிக் ஆக்சைடைப் பெருக்குகின்றன. விறைப்புக்கான மாத்திரையோ அதன் விளைவு தணியவிடாமல் தடுக்கிறது. ஒன்று குழாயைத் திறக்க, மற்றொன்று மூடவிடாமல் பிடித்துக்கொள்கிறது. இரண்டும் சேரும்போது உடலெங்கும் இரத்தக் குழாய்கள் விரிந்து, இரத்த அழுத்தம் திடீரென்று மிகவும் கீழே விழும். மயக்கம், மாரடைப்பு, மரணம் வரை போகக்கூடும். நைட்ரிக் ஆக்சைடு பற்றிய ஆய்வுக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டதும் சில்டெனாஃபில் விற்பனைக்கு வந்ததும் அதே 1998ஆம் ஆண்டில்தான். இந்த இரண்டு மருந்துகளும் உடலில் ஒரே பாதையில் சந்திக்கின்றன என்பதை அன்றிலிருந்தே மருத்துவ உலகம் நன்கறியும்.

நெஞ்சுவலி நாள் பார்த்து வருவதில்லை என்பதுதான் உங்கள் கணக்கில் உள்ள பிழை. உடலுறவும் ஓர் உடலுழைப்பே ஆகையால், வலி வருவதற்கு வாய்ப்புள்ள நேரமும் மருந்து உடலில் உச்சத்தில் இருக்கும் நேரமும் ஒன்றாகவே அமையலாம். அப்போது பழக்கத்தால் கை அந்தச் சிறு மாத்திரையைத் தேடும். சில்டெனாஃபில் எடுத்தவருக்குக் குறைந்தது 24 மணி நேரமும், டடலாஃபில் எடுத்தவருக்குக் குறைந்தது 48 மணி நேரமும் நைட்ரேட் கொடுக்கக் கூடாது. நிக்கோராண்டில் என்ற நெஞ்சுவலி மாத்திரைக்கும், நுரையீரல் இரத்த அழுத்தத்துக்கான ரியோசிகுவாட்டுக்கும் இதே தடை உண்டு. சிலர் போதைக்காக முகரும் அமைல் நைட்ரைட் போன்ற ஆவிப் பொருள்களும் இதில் சேரும்.

தெரிந்தோ தெரியாமலோ மாத்திரையை எடுத்துவிட்ட பிறகு நெஞ்சுவலி வந்தால், செய்துகொண்டிருப்பதை நிறுத்துங்கள், நைட்ரேட்டைத் தொடாதீர்கள், உடனே அவசர ஊர்தியை அழையுங்கள். வந்தவரிடம் முதல் வாக்கியமாகவே மருந்தின் பெயரையும் எடுத்த நேரத்தையும் சொல்லுங்கள். அவசரப் பிரிவில் நெஞ்சுவலிக்கு வழக்கமாகத் தரும் மருந்துகளில் நைட்ரேட்டும் ஒன்று. நீங்கள் மௌனமாக இருந்தால், உங்களைக் காப்பாற்ற வந்தவரே அறியாமல் உங்களுக்குத் தீங்கு செய்துவிடக்கூடும்.

இதனால் உங்கள் இல்லற வாழ்க்கை முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். வலியே வராத நிலையில் இருக்கும் உங்களுக்கு நைட்ரேட் இனியும் தேவையா என்பதை இதய மருத்துவர் ஆராய்ந்து முடிவு செய்யலாம். இரண்டு மாடிப் படிகளை விறுவிறுவென்று ஏறியும் வலியோ மிகுந்த மூச்சிரைப்போ வராதவர்களின் இதயம் பொதுவாக உடலுறவைத் தாங்கும்; ஐயம் இருந்தால் நடைப்பயிற்சி இயந்திரத்தில் சோதித்துப் பார்ப்பார்கள். நைட்ரேட் கட்டாயம் தேவைதான் என்றாலும் வெற்றிடக் கருவி, ஆணுறுப்பில் போடப்படும் ஆல்ப்ரோஸ்டடில் ஊசி ஆகிய வேறு வழிகளைப் பற்றிக் கேட்கலாம். ஆனால் மாரடைப்போ பக்கவாதமோ வந்து சில மாதங்களே ஆனவர்களும், ஓய்விலேயே நெஞ்சுவலி வருபவர்களும், இரத்த அழுத்தம் மிகத் தாழ்ந்தோ கட்டுக்கடங்காமல் உயர்ந்தோ இருப்பவர்களும் காத்திருக்கத்தான் வேண்டும்.

கேள்வி: என் கணவரின் அலமாரியில் டடலாஃபில் அட்டை ஒன்றைப் பார்த்தேன். கேட்டதற்கு, மருத்துவர் எழுதிக் கொடுத்ததுதான் என்றார். அவருக்கு அவ்வப்போது முகம் சிவக்கிறது, முதுகு வலிக்கிறது. எனக்கு இரண்டு அச்சங்கள்: இது அவருக்குக் கெடுதல் செய்யுமா? மாத்திரை போட்டால்தான் என்மேல் ஆசை வருகிறதா?

பதில்: இரண்டாவது அச்சத்துக்கு முதலில் பதில் சொல்கிறேன், அதுதான் உங்களை அதிகம் வருத்தியிருக்கும். இந்த மாத்திரை ஆசையை உண்டாக்காது. ஆசை இல்லாத இடத்தில் இது வேலையே செய்யாது. தூண்டல் ஏற்பட்ட பிறகுதான் மேலே சொன்ன நைட்ரிக் ஆக்சைடு வெளிப்படும், அதன் பிறகே மருந்துக்கு வேலை. ஆகவே அவர் மாத்திரை எடுப்பதை உங்கள்மீது விருப்பமில்லாததன் அடையாளமாகக் கொள்ள வேண்டாம். அவர் உங்களிடம் முன்பே சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்பதில் நான் உங்கள் பக்கம்.

முகச் சிவப்பு, தலைவலி, மூக்கடைப்பு, நெஞ்செரிச்சல் ஆகியவை இந்த மருந்துகளில் பரவலாகக் காணப்படுபவை. பெரும்பாலும் தாமே அடங்கிவிடும். முதுகுவலியும் தசைவலியும் டடலாஃபிலில் கூடுதல். சில்டெனாஃபில் எடுப்பவர்களுக்குச் சில மணி நேரம் பார்வையில் நீலச் சாயல் தெரிவதுண்டு. இவை தொல்லையாக இருந்தால் அளவைக் குறைக்கவோ மருந்தை மாற்றவோ மருத்துவரிடம் கேட்கலாம்.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய நிலைகள் வேறு. விறைப்பு 4 மணி நேரத்துக்கு மேல் அடங்காமல் நீடித்தால், நள்ளிரவானாலும் கூச்சம் பார்க்காமல் போக வேண்டும். தாமதித்தால் திசுக்கள் நிரந்தரமாகப் பழுதடையும். ஒரு கண்ணிலோ இரு கண்களிலோ பார்வை திடீரென்று மங்கினாலோ, காது திடீரென்று கேட்காமல் போனாலோ மருந்தை நிறுத்திவிட்டு உடனே காட்ட வேண்டும். இவை அரிதானவை. ஆனால் அப்படி ஒன்று நேரும்போது அவர் பக்கத்தில் இருக்கப்போவது நீங்கள்தான். அதனால் மருந்தின் பெயரும் அளவும் உங்களுக்குத் தெரிந்திருப்பது அவருக்கே பாதுகாப்பு.

கேள்வி: மருத்துவர் எழுதிக் கொடுத்த சில்டெனாஃபிலை இரண்டு முறை எடுத்தேன். பலனே இல்லை. இரண்டு மாத்திரையாக எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். எப்போது, எப்படி எடுத்தீர்கள் என்பதைப் பாருங்கள். கொழுப்பு மிகுந்த உணவுக்குப் பின் எடுத்தால் சில்டெனாஃபில் வேலை தொடங்க ஏறக்குறைய ஒரு மணி நேரம் கூடுதலாகும். வயிறு நிறைந்திராத நிலையில் ஒரு மணி நேரம் முன்னதாக எடுத்து, அவசரப்படாமல், தூண்டலுக்கு இடம் கொடுத்துப் பாருங்கள். மதுவோடு எடுத்திருந்தால் காரணம் அதுவாகவே இருக்கலாம். மது விறைப்பையும் கெடுக்கும், அழுத்தத்தையும் மேலும் தாழ்த்தும். முதல் ஓரிரு முயற்சிகளை வைத்து மருந்து பயனற்றது என்று முடிவு கட்டுவதில்லை. வெவ்வேறு நாள்களில் ஆறு முறையாவது முறைப்படி எடுத்த பிறகே சொல்ல முடியும். இந்த வகை மருந்துகளில் இரண்டைக் கலந்து எடுப்பது எந்நிலையிலும் தவறு.

கேள்வி: வயது 26. விரைவில் திருமணம். முதலிரவில் தோற்றுவிடுவேனோ என்ற பயத்தில் இணையத்தில் 'முழுக்க மூலிகை, பக்கவிளைவே இல்லை' என்ற மாத்திரையை வாங்கி வைத்திருக்கிறேன்.

பதில்: தம்பி, அதைப் பயன்படுத்தாதீர்கள். மூலிகை என்ற பெயரில் விற்கப்பட்ட பல மாத்திரைகளில் சில்டெனாஃபிலோ அதைப் போன்ற வேதிப்பொருளோ உறையில் குறிப்பிடாமலே கலக்கப்பட்டிருந்ததை அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் பலமுறை கண்டறிந்து எச்சரித்துள்ளது. எவ்வளவு கலந்திருக்கிறது, வேறு என்ன இருக்கிறது என்பது விற்பவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

காலையில் விழிக்கும்போது விறைப்பு இயல்பாக இருக்கிறதா? அப்படியானால் உங்கள் குழாய்களும் நரம்புகளும் பெரும்பாலும் நலமாகவே உள்ளன. தடையாக நிற்பது பயம். பயப்படும்போது சுரக்கும் அட்ரினலின் அந்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். முதலிரவு ஒரு தேர்வு அன்று. இருவரும் களைத்திருக்கும் அந்த இரவில் பேசிக்கொண்டிருந்துவிட்டு உறங்கினாலும் எதுவும் குறைந்துவிடாது. பயம் விடாவிட்டால் ஒரு மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ பாருங்கள்.

கேள்வி: வயது 67. புராஸ்டேட் வீக்கத்துக்கு டாம்சுலோசின் எடுக்கிறேன். விறைப்புக்கான மாத்திரையும் சேர்த்து எடுக்கலாமா?

பதில்: மருத்துவர் சொன்னால் எடுக்கலாம், ஆனால் வரிசை முக்கியம். டாம்சுலோசின், டாக்சசோசின் போன்றவையும் இரத்த அழுத்தத்தைக் குறைப்பவை என்பதால், அவற்றில் ஒன்று உடலுக்குப் பழகி நிலைபெற்ற பிறகே விறைப்புக்கான மருந்தைக் குறைந்த அளவில் தொடங்குவார்கள். தொடங்கிய நாள்களில் படுக்கையிலிருந்து மெல்ல எழுந்து உட்கார்ந்து, பிறகு நில்லுங்கள். தலைசுற்றல் வந்தால் அடுத்த மாத்திரைக்கு முன் தெரிவியுங்கள். தினமும் 5 மில்லிகிராம் டடலாஃபில் புராஸ்டேட் தொல்லைக்கும் தரப்படுவதுண்டு என்பதால், உங்களுக்கு அது பொருந்துமா என்றும் கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று. கீட்டோகோனசோல், இட்ராகோனசோல் போன்ற பூஞ்சை மருந்துகள், எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லிகள், எச்.ஐ.வி.க்கான ரிட்டோனாவிர் ஆகியவை இந்த மாத்திரைகள் உடலில் இருந்து வெளியேறுவதைத் தாமதப்படுத்தி, எடுத்த அளவைப் பல மடங்காக்கியது போன்ற நிலையை உண்டாக்கும். நாளை நீங்கள் தோல் மருத்துவரிடமோ பல் மருத்துவரிடமோ போனால் அவர் இவற்றில் ஒன்றை எழுதக்கூடும். 'வேறென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?' என்று அவர் கேட்கும்போது, சர்க்கரை மாத்திரையின் பெயரைச் சொல்லும் அதே குரலில் விறைப்புக்கான மாத்திரையின் பெயரையும் சொல்லுங்கள். வாயால் சொல்லத் தயக்கமாக இருந்தால் ஒரு தாளில் எழுதி நீட்டுங்கள், அவர் படித்துக்கொள்வார்.