ஓடிபி இன்னும் அப்பா போனுக்குத்தான் போகிறதா?

32 ஆண்டுகள் வங்கிக் கவுண்டருக்கு உள்பக்கம் உட்கார்ந்திருந்தவள் நான். பதினெட்டு முடிந்த பிள்ளைகள் அப்பாவோடு வருவார்கள். நான் கேட்பதற்கெல்லாம் அப்பாவே பதில் சொல்வார். கையெழுத்துப் போட மட்டும் பேனா பிள்ளை கைக்குப் போகும். ஓய்வுபெற்ற பிறகும் அந்தப் பிள்ளைகள்தான் அதிகம் கேள்வி அனுப்புகிறார்கள். இங்கே கேள்விகளைச் சுருக்கி, ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

நாமக்கல், மாணவர், 18: பள்ளியில் படிக்கும்போது அப்பா தொடங்கிக் கொடுத்த கணக்கில் திடீரென்று பணம் எடுக்க முடியவில்லை. உதவித்தொகை வந்து அப்படியே நிற்கிறது, மேடம்.

அது மைனர் கணக்கு, தம்பி. உனக்கு 18 நிறைந்த அன்றோடு அப்பாவின் காப்பாளர் அதிகாரம் முடிந்தது. ஆதார், பான், போட்டோவுடன் நீயே நேரில் போய்ப் புதிய மாதிரிக் கையெழுத்துப் போட வேண்டும். சின்ன வயதில் பான் எடுத்திருந்தால் அந்த அட்டையில் உன் போட்டோவோ கையெழுத்தோ இருக்காது, அதையும் திருத்திக்கொள். 15 வயதில் ஆதாருக்குக் கைரேகை புதுப்பித்தாயா என்றும் பார்.

விண்ணப்பத்தில் கைபேசி எண் கேட்கும் கட்டத்தில் உன் எண்ணை எழுது. ஓடிபி அப்பா போனுக்கே போனால், கணக்கு உன் பெயரில், சாவி அவர் சட்டைப்பையில். என்னிடம் வந்த ஒரு பையனின் அப்பா லாரி ஓட்டுநர். அவர் ராஜஸ்தான் பக்கம் சிக்னல் இல்லாத இடத்தில் மாட்டிக்கொண்டதால், கணக்கில் பணம் இருந்தும் இரண்டு நாள் இவனால் ஹாஸ்டல் கட்டணம் கட்ட முடியவில்லை.

கோவை, பொறியியல் இரண்டாம் ஆண்டு: என் கணக்கையும் ஏடிஎம் கார்டையும் ஒரு மாதம் கொடுத்தால் 10,000 ரூபாய் தருவதாக சீனியர் ஒருவர் சொல்கிறார். ஏதோ கேமிங் கம்பெனி பணமாம்.

கொடுக்காதே. இந்தப் பத்தியில் வேறு எதைப் படிக்காவிட்டாலும் இதைப் படித்துவிடு.

எங்கோ ஒரு ஊரில் ஓய்வூதியக்காரர் ஒருவரைப் போனில் மிரட்டிப் பணம் பறிக்கிறார்கள். அந்தப் பணம் முதலில் உன்னைப் போன்ற ஒருவன் கணக்கில் விழும். சில நிமிடங்களில் பத்து, இருபது கணக்குகளுக்குப் பிரிந்து போய்விடும். அவர் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் செய்து புகார் கொடுத்தால் பணம் போன கணக்குகள் ஒவ்வொன்றாக முடக்கப்படும். போலீஸ் முதலில் தேடி வருவது கணக்குக்காரனைத்தான்; வேறு மாநிலத்துப் போலீஸாகக்கூட இருக்கலாம். சீனியரின் பெயர் எந்தக் காகிதத்திலும் இருக்காது. "எனக்குத் தெரியாது சார்" என்று சொன்னால், "சின்னப் பையன்" என்று விட்டுவிடும் வயதை நீ தாண்டியாயிற்று.

ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள் இதைப் படித்தால், இன்றே கிளைக்குப் போய் கார்டையும் நெட் பேங்கிங்கையும் முடக்குங்கள். நடந்ததை எழுத்தில் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள். அப்புறம் 1930. வீட்டில் சொல்லப் பயந்து கடத்துகிற ஒவ்வொரு நாளும் உங்களுக்கு எதிராகத்தான் போகும்.

திருவண்ணாமலை, ஒரு தாய்: மகனுக்கு இன்னும் 17 தான். கல்விக்கடனை யார் பெயரில் எடுப்பது?

படிப்பவன் அவன், கடனும் அவனுக்குத்தான். நீங்களோ அப்பாவோ கூட்டுக் கடன்தாரர். மைனர் போடும் ஒப்பந்தம் செல்லாது என்று 1903-லேயே, அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் சொல்லிவிட்டதால், இப்போது பத்திரத்தில் கையெழுத்து உங்களுடையது. 18 ஆனதும் அவனை அழைத்து, கடனை ஒப்புக்கொள்ளும் கடிதத்தில் வங்கி கையெழுத்து வாங்கும். பல பிள்ளைகள் அதைப் படிக்காமல் போட்டுவிட்டு மறந்துவிடுகிறார்கள். கடன் எவ்வளவு, வட்டி எவ்வளவு, தவணை எப்போது தொடங்கும் என்று அன்றைக்கே அவனுக்குத் தெரிய வேண்டும். பொதுவாகப் படிப்பு முடிந்து ஓராண்டு வரை அவகாசம் உண்டு, ஆனால் அந்தக் காலத்துக்கும் வட்டி ஏறும். முடிந்தால் படிக்கும்போதே வட்டியை மட்டுமாவது கட்டி வாருங்கள்.

தூத்துக்குடி, 22: நண்பனின் பைக் கடனுக்கு ஜாமீன் போடச் சொல்கிறான். சும்மா பெயருக்குத்தானாம்.

பெயருக்கு ஜாமீன் என்று ஒன்று கிடையாது. அவன் கட்டாவிட்டால் முழுத் தொகையையும் உன்னிடம் கேட்கலாம். உன் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் கணக்கிலும் ஏறும். தவணையை நீயே கட்டும் அளவுக்கு நட்பு இருந்தால் போடு.

ஓசூர், 23: முதல் வேலை. அசல் சான்றிதழ்களைக் கேட்கிறார்கள். இரண்டு வருட பாண்டும் போடச் சொல்கிறார்கள்.

இரண்டும் வேறு வேறு விஷயம். அசலைச் சரிபார்க்கக் காட்டு, அங்கே விட்டு வராதே. பாண்டைப் பொறுத்தவரை "அதெல்லாம் செல்லாது" என்று நண்பர்கள் சொல்வார்கள். 2025-இல், மூன்று ஆண்டுகளுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற ஒரு பொதுத்துறை வங்கியின் நிபந்தனை செல்லும் என்றது உச்ச நீதிமன்றம். அதனால் எல்லா பாண்டும் செல்லும் என்று ஆகிவிடாது. ஆனால் தொகையையும் காலத்தையும் படிக்காமல் கையெழுத்துப் போடாதே. நகல் ஒன்றைக் கேட்டு வாங்கு.

தென்காசி, 26: குரூப் 4 மூன்று முறை எழுதிவிட்டேன். இன்னும் ஒரு முறை முயலட்டுமா?

2025-இல் அறிவித்த இடங்கள் 3,935, விண்ணப்பித்தவர்கள் 13 லட்சத்துக்கும் மேல். தேர்வைக் குறை சொல்ல மாட்டேன், அதில் தேறிய பிள்ளைகள் எனக்கே தெரியும். வீட்டில் "படிக்கிறான்" என்ற ஒரு சொல் மற்ற எல்லாக் கேள்விகளையும் மூடிவிடுகிறது, எனக்கு அதுதான் கவலை. மூன்று முறையும் 300-க்கு நீ எவ்வளவு வாங்கினாய் என்று ஒரு தாளில் எழுதிப் பார். ஏறிக்கொண்டே வந்து கட்-ஆஃபை நெருங்கியிருந்தால் எழுது. அதே இடத்தில் நின்றால் நான்காவது முறையும் பெரிதாக மாறாது. எப்படியானாலும், நாளில் நாலு மணி நேரமாவது சம்பளம் வரும் வேலை ஒன்று பார்த்துக்கொள்.

சென்னை, பெண், 23: கைக்கு வருவது 24,000 ரூபாய். வீட்டுக்கு 15,000 அனுப்பிவிட்டு, மாதக் கடைசியில் தோழியிடம் கடன் வாங்குகிறேன். குறைத்து அனுப்பினால் சுயநலமா, அக்கா?

இல்லைம்மா. முதலில், அந்த 15,000 எங்கே போகிறது என்று உனக்குத் தெரியுமா? மகளிர் குழுக் கடனா, தம்பி கல்லூரிக் கட்டணமா, நகையை மீட்கவா, அல்லது உன் கல்யாணத்துக்கு என்று அம்மா சீட்டுக் கட்டுகிறாரா? நான் பார்த்த வரையில் பாதிப் பெண்களுக்குத் தெரியாது. கேட்டால் "உனக்காகத்தான்" என்று பதில் வரும். உனக்காகத்தான் என்றால் உன் பெயரில் இருக்கட்டும். சீட்டு என்றால் பதிவு பெற்றதா என்று பார்த்து உன் பெயரில் போடச் சொல். நகை என்றால் பில் உன் பெயரில். வங்கி ஆர்டி ஒன்று, மாதம் 2,000, சம்பளம் வந்த மறுநாளே பிடிக்கும்படி வை. விடுதி வாடகை, சாப்பாடு, பஸ், இந்த ஆர்டி போக மிஞ்சுவதில் ஒரு தொகையை முடிவு செய்து, அதே தேதியில் தவறாமல் அனுப்பு. இரண்டு மாதம் முணுமுணுப்பு இருக்கும். (என் வீட்டில் நாலு மாதம் இருந்தது, 1986-இல் என் முதல் சம்பளக் கவரை அப்பாதான் பிரித்தார்.)

மயிலாடுதுறை, 17: ஓட்டுரிமைக்கு இப்போதே விண்ணப்பிக்கலாமா?

தாராளமாக. 17 முடிந்திருந்தால் படிவம் 6 கொடுத்து வைக்கலாம், 18 ஆனதும் பெயர் ஏறும்.

சேலம், ஒரு தந்தை: மகனுக்கு 25. வேலைக்குப் போய் இரண்டு வருடம் ஆகிறது. சம்பளம் எவ்வளவு என்றுகூடச் சொல்ல மாட்டேன் என்கிறான். என்ன செய்வது, மேடம்?

உங்களுக்கு எவ்வளவு கடன் என்று அவனிடம் சொல்லியிருக்கிறீர்களா சார்? உங்கள் காப்பீட்டுப் பாலிசி எந்தப் பீரோவில் இருக்கிறது, கணக்குக்கு நாமினி யார், வீட்டுப் பத்திரம் வங்கியில் இருக்கிறதா கையில் இருக்கிறதா? எதுவும் சொல்லாமல்தான் நாமும் வளர்த்தோம். "உனக்கு எதுக்கு அதெல்லாம், நீ படி" என்றோம். இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் பாஸ்புக்கை எடுத்து மேசையில் வையுங்கள். அவனுடைய சம்பளத்தை அன்றைக்குக் கேட்காதீர்கள்.