பலவருண அங்கியும் ஒரு லாண்டரி ரசீதும்

கேள்வி: என் மாமனார் பெரம்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸில் ஆங்கிலோ இந்தியர்களோடு வளர்ந்தவர். அமெரிக்கக் கிராமியப் பாட்டான கன்ட்ரி இசையில் ஜிம் ரீவ்ஸ் என்ற பாடகரைத் தாண்டி எதையும் கேட்க மாட்டார். பெண் பாடகி ஒருவரின் பழைய கன்ட்ரி ஆல்பம் ஒன்று சொல்லுங்களேன். – வாசகி, பெரம்பூர்

பதில்: டாலி பார்ட்டனின் 'கோட் ஆஃப் மெனி கலர்ஸ்'. 1971 அக்டோபரில் வந்தது. பத்தே பாட்டு, அரை மணி நேரம்கூட வராது, விம்கோ நகரில் மெட்ரோ ஏறினால் சென்ட்ரல் வருவதற்குள் கிட்டத்தட்ட முடிந்துவிடும். முதல் பாட்டுக்கு மாமனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு இருக்கும்போதே இரண்டாவது வந்து சிரிக்க வைக்கும்: ஊர் சுற்றும் வியாபாரி ஒருவன்மேல் மகளுக்கு ஆசை, அம்மாவுக்கு அவனைக் கண்டாலே ஆகாது, கடைசியில் அவனோடு ஓடிப்போவது அம்மா. முடிவைச் சொல்லிவிட்டேன், மன்னிக்கவும்.

கேள்வி: அந்தத் தலைப்புப் பாட்டைக் கேட்டேன். கந்தல் துணியில் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு நான் பணக்காரி என்கிறார். ஏழ்மைக்கு ஜிகினா ஒட்டுகிற வேலைதானே இது? – வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அது அவர் வீட்டுக் கதை. டென்னசி மலைப்பக்கத்தில் 12 பிள்ளைகளில் நான்காவது அவர். குளிர் வரப்போகிறது, கோட்டு இல்லை, யாரோ கொடுத்த ஒரு பெட்டி கந்தல்தான் இருக்கிறது. அம்மா ஒட்டுப்போட்டுத் தைத்துக்கொண்டே, அப்பா ஆசையாகப் பல நிற அங்கி கொடுத்த யோசேப்பின் பைபிள் கதையைச் சொல்கிறார் (ராயபுரத்தில் ஞாயிறு பள்ளிக்குப் போனவர்களுக்குத் தெரியும், நம்ம பைபிளில் அது 'பலவருண அங்கி'). பெருமையாகப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனால் எல்லாரும் சிரிக்கிறார்கள். பாட்டு அதை மறைக்கவே இல்லை, அவள் எவ்வளவு சொல்லியும் அவர்களுக்குப் புரியவில்லை என்றுதான் வருகிறது.

எனக்கும் அப்படி ஒரு சட்டை இருந்தது. எம்.சி. ரோடு பக்கம் ஒரு தையல்கடையில் கழித்துப் போட்ட வெட்டுத்துணியில் அம்மா தைத்தது. உடம்பு கட்டம், ஒரு கை பச்சை, இன்னொரு கை பூப்போட்டது. வகுப்பில் நுழைந்ததும் ஒருத்தன், "டேய், பூம்பூம் மாடு வருதுடா" என்றான். டாலி மாதிரி நின்று கதை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சாயங்காலமே கழற்றி அரிசி டிரம்முக்குப் பின்னால் செருகிவிட்டேன், அம்மா ஒரு வாரம் தேடினார். அதனால் எனக்கு ஜிகினாவாகத் தெரியவில்லை.

கேள்வி: லாண்டரி ரசீதின் பின்னால் எழுதிய பாட்டாமே, நிஜமா? – வாசகர், காசிமேடு

பதில்: நிஜம்தான். 1969இல் பாடகர் போர்ட்டர் வாகனரோடு டூர் பஸ்ஸில் போகும்போது டாலிக்கு இந்தப் பாட்டின் வரிகள் வந்திருக்கின்றன, எழுதத் தாள் இல்லை. வாகனர் மேடைக்குக் கல் பதித்து மின்னுகிற சூட்டுதான் போடுவார். அந்தச் சூட்டை ட்ரை கிளீனிங் போட்ட ரசீது கைக்குக் கிடைத்தது, அதன் பின்பக்கத்தில் கந்தல் கோட்டைப் பற்றி டாலி எழுதிவிட்டார். பாட்டு ஹிட்டான பிறகு வாகனர் அந்த ரசீதை ஃபிரேம் போட்டு வைத்தாராம். ஆல்பத்தில் ஏழு பாட்டு டாலி எழுதியது, மீதி மூன்று வாகனருடையது. அந்த மூன்றையும் நான் பெரும்பாலும் தள்ளிவிட்டுத்தான் கேட்பேன்.