பீட்டர் லாக்ஸ் பத்தி கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்

நியூமெரிக்கல் மெத்தட்ஸ், அதாவது சமன்பாடுகளைக் கம்ப்யூட்டர்ல எண்களா போட்டுத் தீர்க்கிற கணக்கு, கிளாஸ் எடுக்க ஆரம்பிச்சு 22 வருஷம் ஆச்சு, கணித மேதை லாக்ஸ் பேரை போர்டுல எழுதாம ஒரு செமஸ்டரும் போனதில்ல. மனுஷன் 2025 மே 16-ல 99 வயசுல போய்ச் சேர்ந்தார். அவரைப் பத்தி நேத்துல இருந்து வந்த கேள்விங்களுக்கு ஒவ்வொண்ணா பதில் போடுறேன்.

சார், சின்ன வயசுலேயே மேதையா?

ஆமாப்பா. 1926-ல புடாபெஸ்ட்ல பொறந்தவர், அப்பா அம்மா ரெண்டு பேருமே டாக்டர், பையனுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்ததோ ரோஜா பீட்டர்ங்கிற பெரிய லாஜிக் ஆராய்ச்சியாளர், அப்படி ஒரு டியூஷன் நமக்கு வாய்க்குமா! யூதக் குடும்பம்கிறதால 1941 டிசம்பர்ல லிஸ்பன்ல கப்பல் ஏறிட்டாங்க, நடுக்கடல்ல இருக்கும்போதே பேர்ல் ஹார்பர்ல குண்டு விழுந்துடுச்சு.

அணுகுண்டு புராஜெக்ட்ல இருந்தாராமே?

இருந்தார். ராணுவத்துல சேர்த்து 1945-ல அமெரிக்காவோட அணுகுண்டு ஆராய்ச்சிக்கூடம் இருந்த லாஸ் அலமோஸுக்கு அனுப்பினாங்க, அப்போ 19 வயசு. அங்க கணித மேதை ஃபான் நாய்மன் மாதிரி ஆளுங்க சமன்பாட்டை எண்ணா மாத்திக் கணக்குப் போடுறதைப் பக்கத்துல இருந்து பார்த்திருக்கார். திரும்பி வந்து 1949-ல நியூயார்க் யுனிவர்சிட்டியில ஃப்ரீட்ரிக்ஸ்ங்கிற கணிதப் பேராசிரியர்கிட்ட பிஹெச்டி. கம்ப்யூட்டிங்னா ரெண்டாம்தரக் கணக்குன்னு மூக்கைச் சுளிக்கிற ஆளுங்க இன்னிக்கும் நம்ம டிபார்ட்மென்ட்லயே இருக்காங்க, லாக்ஸ்கிட்ட அந்த வியாதி கடைசி வரைக்கும் இல்ல.

அண்ணா, லாக்ஸ் ஈக்விவலன்ஸ் தியரத்தை மனப்பாடம் பண்ணித்தான் பாஸானேன். நிஜமா என்ன சொல்லுது?

பேப்பர் எடு. வெப்பம் பரவுற சமன்பாடு, ஒரு கோட்டுல சம இடைவெளியில புள்ளிங்க, ஒரே ஒரு புள்ளியில சூடு 1, மத்ததெல்லாம் 0. டைம் ஸ்டெப்பை இடைவெளியோட வர்க்கத்தால வகுத்தா வர்ற எண்ணுதான் r. ஒரு புள்ளியோட புது மதிப்பு = r தடவை இடப்பக்கத்துப் புள்ளி + (1 − 2r) தடவை அதோட பழைய மதிப்பு + r தடவை வலப்பக்கத்துப் புள்ளி. r=1 போடு. முதல் ஸ்டெப்ல 1, −1, 1. அடுத்து 1, −2, 3, −2, 1. மூணாவதுல நடுவுல −7. வெறும் 1 டிகிரி சூடு பரவினா மைனஸ் 7 வருமா? ஃபார்முலா தப்பில்ல, ஸ்டெப்பைச் சின்னதாக்கினா அது அசல் சமன்பாட்டைத்தான் நெருங்கும், ஆனா குட்டிப் பிழை ஒவ்வொரு ஸ்டெப்லயும் குட்டி போட்டுப் பெருகுது. r அரைக்குள்ள இருந்தா அடங்கிடும். லீனியர் கணக்குல, ஃபார்முலா அசலோட பொருந்தினா மட்டும் போதாது, பிழை பெருகாம இருக்கணும், இருந்தா விடை சரியா வந்து சேரும், இல்லேன்னா சேராது, அவ்ளோதான் தியரம். ரிச்ட்மையர்ங்கிற இன்னொரு ஆராய்ச்சியாளரோட சேர்ந்து 1956-ல போட்ட பேப்பர்.

கம்ப்யூட்டருக்கு குண்டு வெச்ச கதை நிஜமா?

நிஜம்தான். 1970 மே, வியட்நாம் போர் எதிர்ப்பு உச்சத்துல இருந்த நேரம். நியூயார்க் யுனிவர்சிட்டியோட கணித ஆராய்ச்சி நிலையமான கூரன்ட் இன்ஸ்டிட்யூட்ல அமெரிக்க அணுசக்தி கமிஷனோட சிடிசி 6600-ங்கிற சூப்பர் கம்ப்யூட்டர் இருந்துச்சு, போராட்டக்காரங்க கட்டிடத்தைப் பிடிச்சுக்கிட்டு 1 லட்சம் டாலர் கேட்டாங்க, கிடைக்கல, திரியைப் பத்த வெச்சுட்டு வெளியேறிட்டாங்க. லாக்ஸும் கூட இருந்த சிலரும் உள்ள ஓடினாங்க, வெடிக்கிறதுக்கு முன்னாடியே திரியை அணைச்சாச்சு. நானா இருந்தா எதிர்ப்பக்கம் ஓடியிருப்பேன். ரெண்டே வருஷத்துல அதே இன்ஸ்டிட்யூட்டுக்கு டைரக்டர் ஆனார், 1980 வரைக்கும்.

வேற யுனிவர்சிட்டிக்கு மாறவே இல்லையா மேடம்?

(மேடம் இல்லீங்க, சார்.) ஓய்வு வரைக்கும் கூரன்ட்தான். நம்ம சென்னையில பொறந்த கணித மேதை வரதன் 1963-ல போஸ்ட்டாக்கா (பிஹெச்டி முடிச்ச ஆராய்ச்சியாளரா) போய் அங்கேயே தங்கிட்டார். லாக்ஸுக்கு 2005-ல கணிதத்தோட பெரிய விருதான ஏபெல் பரிசு, வரதனுக்கு 2007-ல. ஒரே கட்டிடம்!

அண்ணா, மறுபடி நான்தான். r அரை போட்டேன், மைனஸ் வரல, ஆனா நடுநடுவுல 0 வருது?

வரும்டா, 1 − 2r பூஜ்யம் ஆயிடுதுல்ல, அதனால புள்ளி தன்னோட பழைய மதிப்பையே மறந்துடுது. கால் போட்டுப் பாரு, கால், அரை, கால்னு அழகா பரவும்.