ஷட்டரை இறக்கியும் முடியாத கடை: வாசகர் கேள்வி – பதில்

சொந்தத் தொழில் செய்பவர்கள் வீட்டுக்கு நேரம் ஒதுக்குவது பற்றி அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்கள்.

நானும் மனைவியும் மளிகைக்கடை வைத்திருக்கிறோம். காலை 6 மணிக்குத் திறந்தால் இரவு 10.30 வரை ஓட்டம். கணக்கு முடித்து வீடு சேர 11.30 ஆகிறது. பிள்ளைகள் தூங்கிவிடுகிறார்கள். சீக்கிரம் அடைத்தால் வாடிக்கை எதிர்க்கடைக்குப் போய்விடுமோ என்று பயம்.
– மளிகைக்கடைக்காரர், தேனி

அந்தப் பயம் நியாயமானதா என்று முதலில் கணக்குப் பார்த்துவிடுங்கள். 14 நாள், இரவு 8.30க்குப் பிறகு விற்கும் ஒவ்வொன்றையும் அரைமணி வாரியாக ஒரு நோட்டில் குறியுங்கள். கம்ப்யூட்டர் பில் என்றால் நேரவாரி ரிப்போர்ட்டே வரும். உதாரணத்துக்கு, 9.30 முதல் 10.30 வரை 1,800 ரூபாய்க்கு விற்கிறது என்று வையுங்கள். 10 சதவீதம் நின்றால் 180 ரூபாய். அந்த நேரத்தில் பெரும்பாலும் போவது பால் பாக்கெட், முட்டை, பிரெட், கொசுவத்தி. பாலில் 10 சதவீதம் எங்கே நிற்கிறது? ஆக, உண்மைக் கணக்கு இன்னும் குறைவாகத்தான் இருக்கும். இருவர் ஒரு மணி நேரம் நிற்பதற்கு அது கட்டுபடியாகிறதா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். சில கடைகளுக்குக் கட்டுபடியாகும். பஸ் ஸ்டாண்டை ஒட்டிய கடை என்றால் அடைக்கவே வேண்டாம், ஆள் போடுங்கள்.

அடைப்பது என்று முடிவானால் ஒரேயடியாக ஒரு மணி நேரத்தைக் குறைக்காதீர்கள். ஒருநாள் வந்து பூட்டைப் பார்த்துத் திரும்பியவர் மறுநாள் நேராக எதிர்க்கடைக்குத்தான் போவார். இரண்டு வாரத்துக்கு 15 நிமிடம் என்று குறையுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரு வாரம் முன்பே புது நேரத்தை எழுதிக் கல்லாவுக்கு நேராகத் தொங்கவிடுங்கள். 9 மணிக்கு மேல் பால் வாங்க வரும் வழக்கமானவர்களை எண்ணினால் பத்துப் பேர் தேறலாம். அவர்களிடம் வாயாலேயே சொல்லிவிடுங்கள்.

இதில் எல்லோரும் தடுக்கி விழும் இடம் பாதி ஷட்டர். பாதி இறக்கிய ஷட்டருக்குக் கீழே குனிந்து, "அண்ணே, ஒரே ஒரு பால்" என்று கேட்கிறவருக்குக் கொடுத்தால், அடுத்தவர் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். மூன்றே நாளில் தெருவுக்கே தெரிந்துவிடும். முழுக்க இறக்கி, உள்ளே விளக்கைப் போட்டுக்கொண்டு வேலை பாருங்கள்.

அடுத்து, அந்தக் கடைசி ஒரு மணி நேரக் கணக்கு. அதை 20 நிமிடத்துக்குள் கொண்டுவரலாம். கல்லாவில் 10, 20, 50 ரூபாய் நோட்டும் நாணயமுமாக 2,000 ரூபாய் சில்லறை எப்போதும் நிற்கட்டும். இரவு 8 மணிக்கே 500, 200, 100 ரூபாய் நோட்டுகளை எடுத்து எண்ணி, துண்டுச் சீட்டில் தொகை எழுதி ரப்பர் பேண்ட் போட்டுப் பூட்டி வையுங்கள். அடைக்கும்போது மிச்சத்தை மட்டும் எண்ணினால் போதும். யுபிஐ வசூலை பேங்க் வரவோடு ஒப்பிட்டால் குழப்பம்தான் மிஞ்சும். சில ஆப்களில் பணம் மறுநாள்தான் கணக்குக்கு வரும். ஆப்பில் தெரியும் அன்றைய வசூல் மொத்தத்தைப் பாருங்கள். சொந்தக்காரர் அனுப்பும் பணம் கடை க்யூஆரில் விழாமல் இருந்தால் பாதித் தலைவலி குறையும். கடன் நோட்டை சாமான் கொடுக்கும்போதே எழுதுங்கள். ராத்திரி ஞாபகப்படுத்தி எழுதினால் நேரமும் போகும், பணமும் போகும். தீர்ந்த சரக்கை எழுத தராசுப் பக்கம் ஒரு நோட்டைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். மூட்டையைக் காலி செய்தவர் கையாலேயே எழுத வேண்டும்.

வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறேன். சமைக்கும்போதும் ஆள் வருகிறார்கள், இரவு 11 மணிக்கும் வாட்ஸ்அப்பில் "முடிஞ்சுதாக்கா?" என்று கேட்கிறார்கள். முகூர்த்த நாள் வந்தால் தூக்கமே இல்லை.
– தையல் கலைஞர், கும்பகோணம்

இவ்வளவுக்கும் காரணம் கணக்கில்லாமல் துணி வாங்குவதுதான். உங்கள் கைவேகத்தை அளந்து பாருங்கள். ஒரு லைனிங் பிளவுஸுக்கு கட்டிங், தையல், ஹெம்மிங், கொக்கி எல்லாம் சேர்த்து இரண்டரை மணி நேரம் என்று வைப்போம். வீட்டு வேலை போக நாளுக்கு 5 மணி நேரம் மிஷினில் உட்கார முடிந்தால், நாளுக்கு இரண்டு. ஆறு நாளுக்கு 12. அந்த 12க்கும் துணி வாங்கக் கூடாது, 9 வாங்குங்கள். மீதி நேரம் ஆல்டரேஷனுக்கும், கரண்ட் போவதற்கும், பிள்ளைக்குக் காய்ச்சல் வருவதற்கும். ஒரு நீள நோட்டில் வாரத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, ஒன்பது கோடு போடுங்கள். கோடு நிரம்பினால் அடுத்த வாரத் தேதிதான், கேட்பவர் நாத்தனாரே ஆனாலும். கூலியில் பாதி முன்பணம் வாங்குங்கள். முன்பணம் கொடுத்தவர் துணியை மறக்க மாட்டார், தேதியையும் மாற்ற மாட்டார்.

நேரத்தைத் தின்னும் இன்னொன்று ஆல்டரேஷன். லைனிங் காட்டன் துணியை வெட்டுவதற்கு முன் தண்ணீரில் நனைத்துக் காயவைத்து அயர்ன் செய்யாவிட்டால், முதல் துவைப்பில் அது சுருங்கி மேல்துணி உப்பிக்கொண்டு நிற்கும். பிளவுஸ் திரும்பி உங்களிடமே வரும். பக்கவாட்டில் ஒன்றரை அங்குலம் உள்ளே துணி விடுங்கள். புது வாடிக்கையாளர் ஐந்து பிளவுஸ் கொண்டுவந்தால் ஒன்றை மட்டும் தைத்துப் போட்டுப் பார்க்கச் சொல்லிவிட்டு, மற்றதை அதன்பின் வெட்டுங்கள். அளவு பிளவுஸை மட்டும் நம்பி ஐந்தையும் வெட்டினால், தப்பு இருந்தால் ஐந்திலும் இருக்கும்.

ஆள் வரும் நேரத்தை காலை 11–1, மாலை 4–6 என்று வாசலில் எழுதிப் போடுங்கள். போனுக்கு வாட்ஸ்அப் பிசினஸ் ஆப் போட்டுக்கொள்ளுங்கள். கடைக்குத் தனி நம்பர் இருந்தால் நல்லது. அதில் வேலை நேரத்தைப் பதிவு செய்துவிட்டு, 'அவே மெசேஜ்' பகுதியில் வேலை நேரத்துக்கு வெளியே மட்டும் போகும்படி வையுங்கள். "உங்கள் துணி சீட்டில் உள்ள தேதியில் தயாராக இருக்கும். மற்ற விவரத்துக்கு காலை 11 மணிக்குப் பதில் தருகிறேன்" என்று எழுதினால் போதும். ஒரு எச்சரிக்கை: போனில் இன்டர்நெட் இல்லாதபோது இந்தப் பதில் போகாது. இரவு டேட்டாவை அணைத்துவிட்டு 'வேலை செய்யவில்லை' என்று திட்டாதீர்கள். டேட்டாவை விட்டுவிட்டு ஒலியை மட்டும் அணையுங்கள். 'குயிக் ரிப்ளை'யில் கூலி விவரம், வீட்டு வழி, வரும் நேரம் மூன்றையும் சேமித்தால், சாய்கோடு அடித்ததும் வந்து நிற்கும்.

ஆவணிக் கல்யாணக்காரர்களை ஆடியிலேயே துணி கொடுக்கச் சொல்லுங்கள். ஆடியில் கொடுத்தால் ஆரி வேலைக்கு அவசரக் கூலி இல்லை என்று சொன்னால் பாதிப் பேர் வருவார்கள்.

நான்கு பேர் வேலை பார்க்கும் லேத் பட்டறை. மூன்று நாள் குடும்பத்தோடு எங்காவது போகலாம் என்றால், நான் இல்லாவிட்டால் ரிஜெக்ஷன் ஆகிவிடுகிறது. போன வழியெல்லாம் போன்.
– பட்டறை உரிமையாளர், கோவை

உங்கள் தலைக்குள் இருப்பது பட்டறைச் சுவரில் இல்லை. அதனால்தான் போன் வருகிறது. ஒவ்வொரு ஜாபுக்கும் ஒரு அட்டை எழுதுங்கள். டிராயிங் நம்பர், மெட்டீரியல், எண்ணிக்கை, முக்கியமான இரண்டு மூன்று அளவுகள், அவற்றின் டாலரன்ஸ் (எவ்வளவு கூடலாம், குறையலாம்), எந்த இன்செர்ட் (மாற்றிப் போடும் வெட்டுமுனை), எந்த ஸ்பீடு, அளவு பார்க்க வெர்னியரா மைக்ரோமீட்டரா என்பது வரை. நீங்கள் பார்த்து ஓகே செய்த முதல் பீஸில் சிவப்பு மார்க்கர் வைத்து, அதை மிஷின் மேலேயே வையுங்கள். பெரும்பாலான ரிஜெக்ஷன் தொடக்கத்தில் வருவதில்லை, நடுவில் வருகிறது. இன்செர்ட் முனை தேயத் தேய வெளி விட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டே போகும். ஐம்பதாவது பீஸில்தான் கண்ணில் படும். பத்துக்கு ஒரு பீஸை அளந்து அட்டையில் எழுதச் சொல்லுங்கள். எழுதுகிற கை தானாகவே நின்று பார்க்கும்.

பிறகு அதிகாரம். சீனியர் கையில் 3,000 ரூபாய் கொடுத்து, இன்செர்ட், பெல்ட், கூலன்ட் மூன்றுக்கும் கேட்காமல் செலவு செய்யலாம் என்று சொல்லுங்கள். பில் மட்டும் வேண்டும். ரேட் கேட்டு வருகிறவருக்கு யாரும் விலை சொல்லக் கூடாது. பெயரும் நம்பரும் வாங்கி வைத்தால் போதும்.

எடுத்த எடுப்பில் மூன்று நாள் வேண்டாம். முதலில் ஒரு மதியம், அடுத்த மாதம் ஒரு முழு நாள். காலை 11, மாலை 5 இரண்டு முறை மட்டும் பேசுங்கள். அதற்கு வெளியே வந்த போன் ஒவ்வொன்றும் எதற்காக என்று குறித்துவையுங்கள்; அந்தக் குறிப்பில் இருப்பதுதான் அட்டையில் விட்டுப்போனது. அதைச் சேர்த்துவிட்டு மறுபடி போங்கள். இந்த ஒத்திகைக்குத் தோதான நாள், உங்கள் பகுதி துணை மின்நிலையப் பராமரிப்புக்காக மின்தடை அறிவிக்கும் நாள். எப்படியும் மிஷின் ஓடாது, அறிவிப்பும் முன்கூட்டியே வந்துவிடும்.

கடைப் பணம் எது, வீட்டுப் பணம் எது என்றே தெரியவில்லை. ஸ்கூல் ஃபீஸ் கட்டக் கேட்டால் சண்டை வருகிறது. ஜிஎஸ்டி கட்டும் வாரத்தில் வீட்டில் யாரோடும் பேச முடிவதில்லை.
– ஹார்டுவேர் கடைக்காரர், விழுப்புரம்

உங்களுக்கு நீங்களே சம்பளம் போடுங்கள். கடந்த 12 மாத நிகர லாபத்தில் மிக மந்தமான மூன்று மாதங்களை எடுத்து, அதன் சராசரியைச் சம்பளமாக வையுங்கள். நல்ல மாத லாபத்தை வைத்துக் கணக்கிட்டால் மழை மாதத்தில் கல்லாவில் கை வைக்க வேண்டிவரும். மாதம் 5ஆம் தேதி கடையின் கரண்ட் அக்கவுண்டிலிருந்து வீட்டுக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். அதன்பின் வீட்டுக்குக் கல்லாவிலிருந்து ஒரு ரூபாயும் போகக் கூடாது, காய்கறிக்குக்கூட. தனி உரிமையாளர் இப்படி எடுப்பது வருமான வரியில் செலவாகாது, அது டிராயிங்ஸ், அதாவது உரிமையாளர் சொந்தச் செலவுக்கு எடுத்த பணம்தான். இருந்தாலும் வீட்டில் சண்டை தீர இதைவிட நல்ல வழி இல்லை. ஸ்கூல் ஃபீஸுக்கு வருடத் தொகையைப் பன்னிரண்டாக வகுத்து, சம்பளம் வந்ததும் தனி ஆர்டியில் போடுங்கள்.

ஜிஎஸ்டிக்கு இன்னொரு சேமிப்புக் கணக்கு. மாதக் கடைசி வரை காத்திருக்காமல், வாரா வாரம் சனிக்கிழமை, விற்பனை வரியிலிருந்து கொள்முதல் வரியைக் கழித்து வரும் தொகையை அதில் போடுங்கள். மாத ரிட்டர்னுக்குக் கடைசி நாளான 20ஆம் தேதி பணம் தேட வேண்டியிராது.

வருட டர்ன்ஓவர் 5 கோடி ரூபாய்க்குள் என்றால், மூன்று மாதத்துக்கு ஒரு முறை ரிட்டர்ன் போடும் க்யூஆர்எம்பி முறைக்கு மாறலாம். காலாண்டின் முதல் இரண்டு மாதங்களுக்கு மறுமாதம் 25ஆம் தேதிக்குள் வரியை மட்டும் கட்டினால் போதும். காலாண்டு முடிந்ததும் விற்பனை பில் விவரம் தரும் ஜிஎஸ்டிஆர்-1 மறுமாதம் 13ஆம் தேதி, வரிக் கணக்கு முடிக்கும் ஜிஎஸ்டிஆர்-3பி தமிழ்நாட்டுக்கு 22ஆம் தேதி. தவறினால் ஒரு நாளைக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், வட்டி தனி. கான்ட்ராக்டர்களுக்கு விற்றால் ஒன்றைக் கவனியுங்கள்: உங்களிடம் கட்டிய வரியை அவர்கள் கழித்துக்கொள்ளும் வரிக் கழிவு மாதாமாதம் தெரிய வேண்டும் என்றால், முதல் இரண்டு மாத பில்களை மறுமாதம் 13ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டி தளத்தில் பில் ஏற்றும் ஐஎஃப்எஃப் வசதியில் ஏற்றுங்கள். இல்லாவிட்டால் "பில் காட்டவில்லையே" என்று அவர்கள் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவார்கள். வருட டர்ன்ஓவர் ஒன்றரைக் கோடிக்குள் உள்ள வியாபாரிகளுக்கு, விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை வரியாகக் கட்டும் காம்போசிஷன் முறை இன்னும் சுலபம், ஆனால் அதில் பில்லில் வரி வசூலிக்க முடியாது, வெளிமாநிலத்துக்கும் விற்க முடியாது. கான்ட்ராக்டர் வாடிக்கை இருக்கும் உங்களுக்கு அது ஒத்துவராது.

வீட்டுக் காலண்டரில் 13, 22, 25 மூன்றையும் சிவப்பில் வட்டமிடுங்கள். ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரி மாதங்களில் 10 முதல் 22 வரை ஊர்ப் பயணம் வைக்காதீர்கள். ஜனவரியில் பொங்கலும் அதற்குள் வந்துவிடும். அந்த மாதம் மட்டும் 10ஆம் தேதிக்கே பில்களை ஆடிட்டர் கையில் கொடுத்துவிடுங்கள்.

கணவர், மனைவி இருவரும் ஒரே கடையில். சாப்பிடும்போதும் கடைப் பேச்சுதான்.
– வாசகி, சிவகாசி

'வீட்டில் கடையைப் பேசக் கூடாது' என்று சட்டம் போட்டால் இரண்டு நாள்தான் நிற்கும். பேச வேண்டியதைப் பேசித்தான் ஆக வேண்டும், இடத்தை மாற்றுங்கள். கடையை அடைத்ததும் அங்கேயே 15 நிமிடம் உட்கார்ந்து, நாளைக்கு யாருக்குப் பணம், என்ன சரக்கு, யார் லீவு என்ற மூன்றை மட்டும் முடித்துவிட்டுக் கிளம்புங்கள். வீட்டில் ஞாபகம் வந்தால் ஃபிரிட்ஜ் மேல் இருக்கும் நோட்டில் எழுதிவிட்டுச் சாப்பாட்டுக்குத் திரும்புங்கள்.

சலூன் வைத்திருக்கிறேன். செவ்வாய் லீவு, ஆனால் அன்று பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். ஞாயிறு கூட்டம் அலைமோதும்.
– சலூன் உரிமையாளர், மதுரை

ஞாயிறை முழுக்க விட முடியாது, பாதி விடலாம். காலை 6 மணிக்குத் திறந்து டோக்கன் கொடுங்கள். ஒரு தலைக்கு அரை மணி நேரம், இரண்டு நாற்காலி என்றால் மதியம் 2 மணிக்குள் 32 பேர். முப்பதோடு டோக்கனை நிறுத்துங்கள். சிறுபிள்ளைக்கு முடிவெட்ட எப்போதும் கூடுதல் நேரம் பிடிக்கும். போனில் டோக்கன் கேட்பவருக்கு நேரத்தைச் சொல்லி, பத்து நிமிடம் தாமதமானால் அடுத்தவரை உட்கார வைப்போம் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். முப்பது டோக்கனும் தீர்ந்தபின் வருகிறவரைத் திருப்பி அனுப்பாதீர்கள். திங்கள் காலை முதல் டோக்கனை அவர் கையில் கொடுங்கள்.