சட்டம் படிக்காதவர் டெக் பாலிசி இன்டர்ன் ஆகலாமா?

கேள்வி: திருநெல்வேலியில் பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். தொழில்நுட்பக் கொள்கை ஆராய்ச்சி செய்யும் திங்க் டேங்க் ஒன்றில் கோடை விடுமுறைக்கு இன்டர்ன்ஷிப் செய்ய ஆசை. ஏழெட்டு இடங்களுக்கு சிவி அனுப்பியும் பதிலே இல்லை. சட்டக் கல்லூரி மாணவர்களைத்தான் எடுப்பார்களா? நான் எப்படித் தயாராவது?

பதில்: வெறும் சிவியை அனுப்பியிருந்தால் பதில் வராததில் ஆச்சரியமில்லை. பைத்தான், ஜாவா, ஹேக்கத்தான் பரிசு என்று அது நிரம்பியிருக்கும். அவர்கள் தேடுவதோ ஒரு சட்டப்பிரிவைப் படித்து, அதில் எங்கே இடிக்கிறது என்று இரண்டு பக்கத்தில் தெளிவாக எழுதக்கூடிய ஆளை.

சட்ட மாணவர்கள் அதிகம் விண்ணப்பிக்கிற துறைதான் இது. டெல்லியில் உள்ள வித்தி சட்டக் கொள்கை மையம் போன்ற இடங்களில் சட்டப் பின்னணியே மேலோங்கி இருக்கும். பெங்களூரில் உள்ள சென்டர் ஃபார் இன்டர்நெட் அண்ட் சொசைட்டி, ஐடி ஃபார் சேஞ்ச், தக்ஷஷிலா போன்ற இடங்களின் வேலை சட்டத்தோடு நிற்பதில்லை. சென்னையில் ஐஐடி மெட்ராஸில் பொறுப்பான ஏஐ குறித்த ஆய்வு மையம் ஒன்று இருக்கிறது. உங்கள் படிப்புக்கு அது பக்கத்து வீடு மாதிரி.

சரி, அந்த இரண்டு பக்கத்தில் என்ன எழுதுவது? ஓர் உதாரணம் சொல்கிறேன். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 9-ஆம் பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். 18 வயது நிரம்பாதவரின் தரவைக் கையாளும் முன், சரிபார்க்கத்தக்க பெற்றோர் சம்மதம் வாங்க வேண்டும் என்கிறது. அதை எப்படி வாங்குவது என்பதற்கு, 2025 ஜனவரியில் வந்த வரைவு விதிகளில் நான்கு எடுத்துக்காட்டுகள் இருந்தன. இரண்டில் 'நான் சிறுமி' என்று குழந்தையே சொல்கிறாள். மற்ற இரண்டில் பெற்றோரே முன்வந்து கணக்கு தொடங்குகிறார்.

பிறந்த ஆண்டை 2000 என்று மாற்றிப் போட்டுவிட்டு உள்ளே நுழையும் பன்னிரண்டு வயதுப் பையன் அந்த நான்கிலும் இல்லை. பாட்டியின் போனில், பாட்டியின் சிம்மில் யூடியூப் பார்க்கும் பேத்தியும் இல்லை. அவர்களைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் எல்லாருடைய வயதையும் சோதிக்க வேண்டிவரும். அதற்கு இன்னும் அதிகத் தரவு திரட்ட வேண்டும். தரவைக் குறைக்கச் சொல்லி வந்த சட்டமே கூடுதலாகத் திரட்ட வைக்குமா? வயதைச் சரிபார்க்க என்னென்ன வழிகள் உண்டு, ஒவ்வொன்றிலும் எந்தத் தரவு யார் கைக்குப் போகிறது என்பதைப் படம் போட்டு விளக்க உங்களால் முடியும். சட்ட மாணவர் பலர் தடுமாறும் இடம் அதுதான். வரைவையும் 2025 நவம்பரில் வந்த இறுதி விதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்துவிட்டு எழுதுங்கள்.

எழுத்துப் பழக்கத்துக்கு டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) இணையதளத்தைப் பாருங்கள். அவர்கள் கலந்தாய்வுத் தாள் வெளியிட்டால், அதற்கு வந்த கருத்துகளையும் எதிர்க்கருத்துகளையும் சேர்த்தே போடுவார்கள். சில இணையதளங்களை மட்டும் இலவசமாகத் தரும் ஃபேஸ்புக்கின் ஃப்ரீ பேசிக்ஸ் திட்டத்தை வைத்துச் சண்டை நடந்து, 2016 பிப்ரவரியில் பாகுபாடான டேட்டா கட்டணங்களுக்குத் தடை வந்ததே, அந்தக் கோப்பிலிருந்து தொடங்கலாம். ஒரே கேள்விக்கு டெலிகாம் கம்பெனி ஒரு மாதிரியும் நுகர்வோர் அமைப்பு வேறு மாதிரியும் எப்படி வாதிடுகின்றன என்பதை அங்கே படிப்பது போல எந்த வகுப்பிலும் படிக்க முடியாது.

வேலை எப்படி இருக்கும் என்று கனவு காண வேண்டாம். அடிக்குறிப்பு சரிபார்ப்பது, பேட்டிகளைத் தட்டச்சு செய்வது, மக்களவைக் கேள்வி பதில்களைத் தேடி எடுப்பது, இதில்தான் பாதி நாள் போகும். ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமை) மனு எழுதவும் சொல்வார்கள். மத்திய அரசு அலுவலகத்துக்கு 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் வர வேண்டும். 'ஏன் இந்த முக அடையாள மென்பொருளை வாங்கினீர்கள்?' என்று கேட்டால் அது தகவலே அல்ல என்று திருப்பிவிடுவார்கள். 'கொள்முதல் ஆணையின் நகலும் துல்லியச் சோதனை அறிக்கையின் நகலும் வேண்டும்' என்று கேட்டால் தப்பிப்பது கடினம்.

அப்புறம் பணம். சில இடங்களில் ஸ்டைபெண்ட் உண்டு, சில இடங்களில் சான்றிதழ் மட்டும்தான். டெல்லி, பெங்களூர் வாடகையைக் கணக்கு போட்டுவிட்டு, 'ஸ்டைபெண்ட் உண்டா, வீட்டிலிருந்தே செய்யலாமா?' என்று முதல் மெயிலிலேயே கேளுங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். அறிக்கையில் உங்கள் பெயர் எப்படி வரும் என்பதையும் சேரும்போதே கேட்டு வையுங்கள். நான் முதலில் வேலை பார்த்த இடத்தில் இரண்டு மாதம் உழைத்த அறிக்கையின் நன்றியுரையில்கூட என் பெயர் இல்லை. கேட்காமல் விட்டது நான்தான். நிதி எங்கிருந்து வருகிறது என்று ஆண்டறிக்கையைப் பார்ப்பதும் நல்லது. ஒரு நிறுவனத்தின் பணத்தில் அதே நிறுவனத்தைப் பற்றிய ஆய்வு நடந்தால், சேர்வதா வேண்டாமா என்பதை நீங்கள் தெரிந்து முடிவெடுக்கலாம்.

மே மாதம் சேர வேண்டுமானால் பிப்ரவரியிலேயே மெயில் போய்விட வேண்டும். எட்டு இடத்துக்கு ஒரே மெயிலை அனுப்பாமல், அவர்களுடைய ஓர் அறிக்கையை உண்மையிலேயே படித்து, அதில் உங்களுக்கு எழுந்த ஒரு கேள்வியை நாலு வரியில் எழுதுங்கள். கூடவே அந்த இரண்டு பக்கத்தையும் பிடிஎஃப் ஆக இணையுங்கள். மூன்று இடம் போதும்.