மெமோவுக்கு மேல் மெமோ

அன்புள்ள ஐயா,

தென் மாவட்டம் ஒன்றில், ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் உதவியாளராக இருக்கிறேன். ஆடி மாதம் ஒரு சிறுபாலத்துக்கான பில் என் மேசைக்கு வந்தது. எம்-புக்கில் (பணியின் அளவுகளை எழுதும் புத்தகம்) பொறியாளர் அளந்து சரிபார்த்ததற்கான பதிவே இல்லை. "நீ பில்லைப் போட்டு வை, கையெழுத்தெல்லாம் அப்புறம் வாங்கிக்கலாம்" என்றார் அதிகாரி. பதிவு இல்லாமல் எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அன்றோடு நிம்மதி போயிற்று.

இதுவரை நான்கு மெமோ. அதில் ஒன்று காலை 10.12க்கு வந்ததற்கு. அன்று எனக்குப் பின்னால் வந்த மூன்று பேருக்கு ஒன்றும் இல்லை. மகளின் காதுகுத்துக்குக் கேட்ட தற்செயல் விடுப்பும் கிடைக்கவில்லை. வாய்மொழியாகவே பிரிவை மாற்றிப் பதிவறைக்கு அனுப்பிவிட்டார். மனு கொடுக்க வந்த ஜனங்கள் முன்னால் "அறிவிருக்கா உனக்கு" என்று கத்துகிறார். 17பி (பெரிய தண்டனைக்கான ஒழுங்கு நடவடிக்கை) போட்டு வேலையை விட்டே தூக்கிவிடுவேன் என்கிறார். ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் இப்போது டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வேறு அறைக்குப் போகிறார்கள். காலையில் வண்டியை நிறுத்திவிட்டு, உள்ளே போகக் கால் வராமல் ஸ்டாண்டிலேயே நிற்கிறேன். "ஊரோட ஒத்துப் போங்க, எழுதிக் கொடுத்துத் தொலைங்க" என்கிறாள் மனைவி. சகாயம் ஐ.ஏ.எஸ். போன்றவர்களைப் பார்த்து இந்த வேலைக்கு வந்தவன் நான். எதிர்த்து நிற்பதா, டிரான்ஸ்ஃபர் வாங்கிக்கொண்டு போவதா, மெடிக்கல் லீவ் போடுவதா?

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

"தூக்கிவிடுவேன்" என்பதை முதலில் பார்த்துவிடுவோம். உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது அதுதான் என்று படுகிறது. அவரால் அது முடியாது. நியமித்த அதிகாரிக்குக் கீழே இருக்கும் எவரும் ஓர் அரசு ஊழியரைப் பணிநீக்கம் செய்ய முடியாது என்கிறது அரசியலமைப்பின் 311ஆவது பிரிவு. நியமித்தவரே ஆனாலும், சில விதிவிலக்குகள் தவிர, குற்றச்சாட்டைச் சொல்லி விசாரித்த பிறகுதான் முடியும். வீட்டில் உங்கள் நியமன ஆணை இருக்கும். அதில் கையெழுத்துப் போட்டிருப்பவர் யார் என்று ஒருமுறை எடுத்துப் பாருங்கள். நிச்சயம் இவர் இல்லை.

அதற்காக 17பி வெறும் பூச்சாண்டி என்று நினைத்துவிடவும் வேண்டாம். அரசு ஊழியர் ஒழுங்கு விதிகளில் 17ஏ என்றால் கண்டனம், ஊதிய உயர்வு நிறுத்தம் என்று சிறிய தண்டனைகள். 17பி அப்படி இல்லை. குற்றச்சாட்டுப் பட்டியல், சாட்சிப் பட்டியல், விசாரணை அதிகாரி என்று போகும். அது நிலுவையில் இருக்கும்வரை பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் ஏறாது. பழிவாங்க நினைப்பவருக்குத் தண்டனை கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை, விசாரணையை முடிக்காமல் வருடக்கணக்கில் இழுத்தால் போதும். உங்களுக்குப் பின்னால் சேர்ந்தவர் மேலே போய்க்கொண்டிருப்பார். ஆகவே 17பிக்கு அவர் கையில் காரணம் கிடைக்காமல் பார்த்துக்கொள்வதுதான் இப்போதைக்கு உங்கள் வேலை. கோபத்தில் ஒரு சொல், முறையாகச் சொல்லாமல் ஒரு நாள் வராமல் இருப்பது, இந்த இரண்டில் ஒன்றுக்குத்தான் அவர் காத்திருக்கிறார்.

சகாயம் பற்றி எழுதியிருந்தீர்கள். மதுரை கலெக்டராக இருந்து கிரானைட் குவாரிகளில் கை வைத்தவர் 2012இல் கோ-ஆப்டெக்ஸுக்கு மாற்றப்பட்டார். ஹரியானாவின் ஐ.ஏ.எஸ். அதிகாரி அசோக் கெம்கா ஐம்பதுக்கும் மேற்பட்ட இடமாற்றங்களைப் பார்த்துவிட்டு 2025 ஏப்ரலில் ஓய்வு பெற்றார். எனக்கு அவர்கள்மீது மரியாதை உண்டு. ஆனால் அவர்களை மாற்றினால் மறுநாள் பேப்பரில் வந்துவிடும். உங்களை மாற்றினால் உங்கள் அலுவலக நோட்டீஸ் போர்டோடு சரி. நெடுஞ்சாலைப் பணிகளில் நடந்த ஊழலைப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதிய பொறியாளர் சத்யேந்திர துபே, 2003இல் கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதன்பின் எழுந்த கோரிக்கைகளால் ஊழலை அம்பலப்படுத்துவோரைப் பாதுகாக்கும் சட்டம் 2014இல் வந்தது, ஆனால் நடைமுறைக்குக் கொண்டுவரப்படவில்லை. அது இருக்கிறது என்று யாராவது தைரியம் சொன்னால் நம்பி இறங்காதீர்கள்.

உங்கள் கையில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று அந்தச் சிறுபால பில். இன்னொன்று உங்களுக்கு நடக்கும் கொடுமை. இரண்டையும் ஒரே மனுவில் கலக்காதீர்கள். கலந்தால், மெமோவிலிருந்து தப்பிக்க ஊழல் புகார் சொல்கிறான் என்று இரண்டையும் ஒரேயடியாக ஒதுக்கிவிடுவார்கள். பில்லைப் பற்றி லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போவதா என்பதை உங்கள் நிலைமை கொஞ்சம் தெளிந்த பிறகு முடிவு செய்யுங்கள். அந்த எம்-புக் எங்கும் ஓடிப்போகாது. யாராவது அதில் பின்தேதியிட்டு எழுதினால் அதுவே இன்னொரு சாட்சியாகும்.

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் உறுத்தியது வேறொன்று. பில்லைப் போடு என்றது வாய்மொழி. பதிவறைக்குப் போ என்றதும் வாய்மொழி. திட்டுவதும் அப்படித்தான். ஆனால் உங்களுக்கு எதிரானவை மட்டும் எழுத்தில், எண்ணோடும் தேதியோடும் வருகின்றன. நாளைக்கு ஒருவர் வந்து கோப்பைப் புரட்டினால், நான்கு மெமோ வாங்கிய ஊழியர் ஒருவர்தான் அதில் தெரிவார், அந்த அதிகாரி தெரியவே மாட்டார். அவர் வாயால் செய்வதையெல்லாம் தாளுக்குக் கொண்டுவருவதுதான் இனி நீங்கள் செய்ய வேண்டியது.

நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் ஒரு ஹெட் கிளார்க் இருந்தார். குரல் எழும்பியே நான் கேட்டதில்லை. ஏடாகூடமாக ஏதாவது எழுதச் சொன்னால் மறுக்க மாட்டார். குறிப்புக் கோப்பில், "அலுவலர் அவர்களின் இன்றைய வாய்மொழி அறிவுரையின்படி சமர்ப்பிக்கப்படுகிறது. இன்ன பதிவு இல்லை என்பது பணிந்து தெரிவிக்கப்படுகிறது" என்று எழுதி உள்ளே அனுப்பிவிடுவார். கோப்பு ஓரத்தில் "பேசவும்" என்ற ஒற்றைச் சொல்லோடு திரும்பி வரும். போய்ப் பேசுவார். வந்து அதற்குக் கீழேயே "பேசப்பட்டது. மேற்கண்ட முதல் வரியை நீக்குமாறு அறிவுறுத்தப்பட்டது" என்று எழுதுவார். அதற்கப்புறம் அந்தக் கோப்பைக் கையால் தொட ஆள் இருக்காது. அவரை எல்லோரும் 'வில்லங்கம்' என்றுதான் கூப்பிட்டார்கள், ஆனால் ஓய்வு பெறும்வரை ஒரு மெமோ வாங்கவில்லை.

இதற்கு உச்ச நீதிமன்றத்தின் துணையும் உண்டு. அமைச்சரவைச் செயலாளராக இருந்த டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் தொடுத்த வழக்கில், அதிகாரிகள் வாய்மொழி உத்தரவின்பேரில் செயல்படக் கூடாது, அவற்றை எழுத்தில் பதிய வேண்டும் என்று 2013இல் தீர்ப்பு வந்தது. மனுவில் இதைக் குறிப்பிட வேண்டிய அவசியமில்லை. உங்கள் மனதுக்குத் தெரிந்திருந்தால் போதும்.

இப்போது அவசரமாகச் செய்ய வேண்டியது பதிவறை விஷயம். பழைய பிரிவின் கோப்புகளைப் பட்டியல் போட்டு யாரிடமாவது ஒப்படைத்தீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஒப்படைக்கவில்லை என்றால் நாளைக்கே எழுதுங்கள்: "இன்ன தேதியில் வாய்மொழியாகப் பிரிவு மாற்றப்பட்டேன், எழுத்துப்பூர்வ ஆணை வழங்கவும், பொறுப்பைப் பெற்றுக்கொள்பவர் பெயரைத் தெரிவிக்கவும் வேண்டுகிறேன்." இல்லையென்றால் அந்தப் பிரிவில் ஒரு கோப்பு காணாமல் போகும், பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள் ஆவீர்கள். 17பிக்கு அதைவிட நல்ல காரணம் அவருக்குக் கிடைக்காது.

மெமோக்களுக்குப் பதில் எழுதும்போது சுருக்கமாக எழுதுங்கள். 10.12க்கு வந்தது உண்மை என்றால் உண்மை என்றே சொல்லிவிட்டு, காரணத்தை ஒரு வரியில் சொல்லுங்கள். மற்ற மூவரும் தாமதமாக வந்தார்கள் என்று எழுதவே வேண்டாம். அது உங்கள் தாமதத்தைச் சரியாக்காது, அவர்கள் மூவரையும் பகைத்துக்கொண்டதுதான் மிச்சமாகும். அந்த விவரம் உங்கள் சொந்த நோட்டில் இருக்கட்டும். தேதி, நேரம், அவர் சொன்ன சொல் அப்படியே, அருகில் இருந்தவர் யார் என்று அன்றன்றே எழுதி வையுங்கள். மெமோவில் ஏதாவது ஆவணத்தைக் காட்டியிருந்தால் அதன் நகலைக் கேட்டு வாங்கிவிட்டுப் பதில் சொல்லுங்கள். கொடுக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டினால் முப்பது நாளில் பதில் தர வேண்டும்.

டிரான்ஸ்ஃபர் பற்றிக் கேட்டீர்கள். நல்ல இடம் கிடைக்குமென்றால் வாங்கிக்கொண்டு போங்கள் என்பேன். தோல்வி என்று நினைக்க அதில் ஒன்றுமில்லை, அந்த அதிகாரியைத் திருத்துவதற்காகவா நீங்கள் தேர்வு எழுதினீர்கள்? விண்ணப்பத்தில் குடும்பக் காரணத்தை மட்டும் எழுதுங்கள்.

அவர்களாகத் தூக்கியடித்தால் கதை வேறு. முதலில் போய்ச் சேர்ந்துவிடுங்கள். போகாமல் இருப்பதே ஒழுங்கு நடவடிக்கைக்குக் காரணமாகும் என்று உச்ச நீதிமன்றம் 1989இலேயே சொல்லிவிட்டது. தண்டனைக்குப் பதிலாகப் போடப்படும் இடமாற்ற ஆணை செல்லாது என்று சோமேஷ் திவாரி வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது. ஆனால் இடமாற்றம் பணியின் ஓர் அங்கம் என்று சொல்லி, பெரும்பாலான மனுக்களில் நீதிமன்றம் தலையிடுவதில்லை. கெட்ட எண்ணத்தோடு செய்தார் என்று நீங்கள் சொன்னால், அவரைப் பெயர் சொல்லி எதிர்மனுதாரராகச் சேர்க்க வேண்டும், தேதியோடு விவரமும் தர வேண்டும். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் போய் நின்று "அவருக்கு என்னைப் பிடிக்காது" என்று மட்டும் சொன்னால் எடுபடாது. அந்த நோட்டு அப்போதுதான் உதவும்.

டிபன் பாக்ஸோடு எழுந்து போனவர்களைத் துரோகி என்று நினைக்காதீர்கள். ஆளுக்கொரு வீட்டுக் கடன், ஆளுக்கொரு பயம். விசாரணை என்று வந்தால் அவர்களில் ஒருவர் சாட்சியாக நிற்க வேண்டியிருக்கும். எதிரே பார்த்தால் வணக்கம் சொல்லுங்கள், போதும். சங்கத்துக்குப் போங்கள், ஆனால் போகும் முன் உங்கள் வட்டாரப் பொறுப்பாளர் அந்த அதிகாரியோடு டீ குடிப்பவரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அப்படியென்றால் நேராக மாவட்டச் செயலாளர்.

உங்கள் மனைவியைப் பற்றி ஒன்று. அவர் பயந்துதான் சொல்கிறார், ஆனால் அது தப்பான யோசனை. அந்தப் பில்லுக்கு இப்போது நீங்கள் எழுதிக் கொடுத்தால், தணிக்கையில் மாட்டும்போது வசூல் ஆணையில் உங்கள் பெயரும் இருக்கும். இதை அவரிடம் உட்கார்ந்து விளக்குங்கள். நோட்டையும் அவர் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். பிரச்சினை பாதி உங்கள் தலையில், பாதி அவர் தலையில் என்று ஆனாலே கொஞ்சம் மூச்சு வரும்.

வண்டி ஸ்டாண்டில் நிற்கிறேன் என்று எழுதியதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. அதற்கு டாக்டர் வேண்டும், இந்த வாரமே. அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். தயக்கமாக இருந்தால் 14416க்குப் போன் செய்யுங்கள், டெலி மானஸ் என்ற அரசு உதவி எண் அது, தமிழிலேயே பேசலாம். டாக்டர் ஓய்வு எடுக்கச் சொன்னால் மெடிக்கல் லீவ் எடுங்கள், தயங்க வேண்டாம். மருத்துவக் குழுவுக்கு அனுப்பினாலும் அனுப்புவார்கள், சீட்டுகளைப் பத்திரமாக வைத்திருங்கள். போகும் முன் நிலுவையில் உள்ள மெமோவுக்குப் பதில் கொடுத்துவிட்டு, உங்கள் நகலில் தபால் பிரிவு முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டு போங்கள்.